அரணும் மனையும்: ஃபூசென் நகரின் கோட்டைகள்

ஜெர்மனியின் தென்கோடியில், பவேரிய மாநிலத்தின் ஆல்காய் வட்டாரத்தில், சமவெளி முடிந்து ஆல்ப்ஸ் மலை எழும்பும் இடத்தில் ஃபூசென் நகரம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். மக்கள்தொகை 15,000-ஐச் சற்றே தாண்டும். ஆஸ்திரிய எல்லை சில கிலோமீட்டர் தொலைவில்தான். நகரின் நடுவில் ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு கோட்டை, அடியில் ஒரு பழைய மடம், மடத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் லெஹ் ஆறு. கிழக்கே ஷ்வாங்காவ் என்னும் அண்டை ஊரின் எல்லைக்குள் இன்னும் இரண்டு கோட்டைகள் நிற்கின்றன. மேற்கே குன்றுகளின்மேல் மூன்று இடிபாடுகள். தெற்கே எல்லைக்கு அப்பால் எரன்பெர்க் கோட்டை. இவ்வளவு சிறிய ஊரைச் சுற்றி இத்தனை கோட்டைகள் எதற்காக எழுந்தன என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு காலமும் தன் தேவைக்கு ஒரு கோட்டையைக் கட்டியது. கடைசியாகக் கட்டப்பட்டதற்குப் போரோடும் ஆட்சியோடும் எந்தத் தொடர்பும் இல்லை. உலகம் அறிந்திருப்பதோ அதை மட்டும்தான்.

ஜெர்மன் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. பகைவரைத் தடுக்க மதிலும் கோபுரமுமாகக் கட்டியது பூர்க். ஆள்பவர் வசதியாகவும் பகட்டாகவும் வாழக் கட்டியது ஷ்லோஸ். தமிழில் கோட்டை, அரண்மனை என்று சொல்வது பெரும்பாலும் இதற்கு ஒத்துவரும். ஆனால் அரண்மனை என்ற சொல்லைப் பிரித்தால் அதற்குள்ளேயே ஓர் அரணும் ஒரு மனையும் இருக்கின்றன. ஃபூசென் வட்டாரக் கட்டடங்களை இந்த இரண்டு பாதிகளைக் கொண்டே வரிசைப்படுத்திவிடலாம். முதலில் வெறும் அரண். பிறகு அரணுக்குள் மனை. கடைசியில் அரண் போல வேடம் போட்ட மனை.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு சாலை. கி.பி. 46–47-இல், பேரரசர் கிளாடியஸ் காலத்தில், வட இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து டான்யூப் ஆறு வரை செல்லும் வியா கிளாடியா ஆகுஸ்டா என்னும் ரோமானியப் பெருவழி முடிக்கப்பட்டது. மலைக்குள்ளிருந்து வரும் அந்தச் சாலை ஃபூசெனை ஒட்டித்தான் வெளியில் இறங்குகிறது. மலையிடுக்கை உடைத்துக்கொண்டு லெஹ் ஆறு வெளிப்படுவதும் அங்கேதான். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் இன்றைய கோட்டைக் குன்றின்மேல் ஃபோயடெஸ் என்ற படைமுகாம் அமைந்தது. ஊரின் பெயர் அதிலிருந்து வந்ததென்பார்கள். வடக்கிலிருந்து இத்தாலிக்குப் போகிறவர், இத்தாலியிலிருந்து வருகிறவர், படை, உப்பு, மது, பட்டு என எது போனாலும் வந்தாலும் அந்த வாயிலைக் கடந்தாக வேண்டும். குன்றைப் பிடித்தவர் சாலையைப் பிடித்தவர்.

ரோமானியர் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தது படையல்ல, ஒரு துறவி. எட்டாம் நூற்றாண்டில் சங்க்ட் காலன் மடத்தைச் சேர்ந்த மாக்னுஸ் இங்கே ஒரு சிறு தவக்கூடம் அமைத்தார். ஊர் மக்கள் அவரை மாங் என்றே அழைத்தார்கள். அதன்மேல் ஒன்பதாம் நூற்றாண்டில் பெனடிக்ட் சபையின் புனித மாங் மடம் எழுந்தது. மடத்துக் கோயிலின் நிலவறையில் சுமார் 980-இல் தீட்டப்பட்ட சுவரோவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஜெர்மானிய நிலப்பரப்பில் எஞ்சிய மிகப் பழைய சுவரோவியங்களில் அது ஒன்று. மேலே இருக்கும் கோயிலும் மடமும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஹான் யாக்கோப் ஹெர்க்கோமர் என்ற கட்டடக் கலைஞரால் பரோக் பாணியில் புதிதாக எழுப்பப்பட்டவை. வளாகத்தின் ஓரமாக உள்ள அன்னா சிற்றாலயத்தில் யாக்கோப் ஹீபெலர் 1602-இல் வரைந்த ‘மரண நடனம்’ இருக்கிறது. போப்பாண்டவர், பேரரசர் முதல் குழந்தை வரை ஒவ்வொருவரையும் எலும்புக்கூடு ஒன்று கைபிடித்து ஆட அழைத்துப் போகும் வரிசை அது. கொள்ளைநோய் நினைவிலிருந்து அகலாத காலத்துப் படைப்பு.

கோட்டைக் கதை முறையாகத் தொடங்குவது 1291-இல். மேல் பவேரியாவின் கோமகன் இரண்டாம் லூட்விக், மடத்துக்கு மேலே இருந்த குன்றில் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். கண்டிப்பானவர் என்று பட்டப்பெயர் பெற்றவர் அவர். ஆக்ஸ்பர்க் ஆயரோடு செய்திருந்த உடன்பாட்டுக்கு இந்தக் கட்டுமானம் மாறானது. சண்டை வலுத்தது, கோட்டை பாதியில் நின்றது. 1313-இல் பேரரசர் ஏழாம் ஹென்றி இத்தாலியப் படையெடுப்புக்குப் பணம் போதாமல் ஃபூசெனை 400 மார்க் வெள்ளிக்கு ஆக்ஸ்பர்க் ஆயரிடம் அடகு வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை. அடுத்த சுமார் 490 ஆண்டுகளுக்கு ஃபூசென் ஆயர்களின் ஊராகவே இருந்தது. சமயத் தலைவர்தான் நிலத்தையும் ஆள்வார், வரியும் வாங்குவார், படையும் வைத்திருப்பார் என்பது ஜெர்மானியப் பேரரசில் வழக்கமான ஏற்பாடு.

அந்த ஆயர்களில் ஒருவரான ஃபிரீட்ரிக் ஃபான் ட்ஸோலெர்ன், 1486-க்கும் 1505-க்கும் இடையில், பழைய அரணைத் தன் கோடைகால இருப்பிடமாக மாற்றிக் கட்டினார். ஹோஹெஸ் ஷ்லோஸ், அதாவது உயர்ந்த அரண்மனை, இன்று காணும் உருவத்தைப் பெற்றது அப்போதுதான். தெற்கு ஜெர்மனியில் பிற்கால காதிக் பாணிக் கோட்டைகளில் நல்ல நிலையில் எஞ்சியவற்றுள் இது முன்வரிசையில் வரும். மாவீரர் கூடத்தின் மரக்கூரை செதுக்கு வேலைக்காகவே பார்க்க வேண்டியது. ஆனால் இந்தக் கோட்டையின் உண்மையான வேடிக்கை உள்முற்றத்தில் இருக்கிறது. சுவர்களில் கல் சாளரங்களும் வெளியே துருத்தும் மாடங்களும் வரிசையாகத் தெரியும். அருகில் போனால் அவற்றில் பல சாளரங்களே அல்ல. சமதளச் சுண்ணாம்புச் சுவரில் நிழலும் ஒளியும் காட்டித் தீட்டிய ஓவியங்கள். 1499-ஐ ஒட்டிய வேலை. ஆயரிடம் கல்தச்சருக்குக் கொடுக்கப் பணம் குறைவா, இந்தக் கண்கட்டு வித்தையில் ஆசை அதிகமா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, இரண்டும் இருந்திருக்கலாம். இல்லாத கட்டடத்தை இருப்பதாகக் காட்டும் பழக்கம் இந்த வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்ததல்ல என்பதற்கு இந்த முற்றமே சாட்சி.

அரண் என்ற வகையில் ஹோஹெஸ் ஷ்லோஸ் பெரிய வெற்றி ஒன்றையும் கண்டதில்லை. 1546 ஜூலையில், சமயச் சீர்திருத்தத்தை ஏற்ற அரசர்களும் நகரங்களும் பேரரசர் ஐந்தாம் சார்லஸை எதிர்த்துப் போரிட்டபோது, ஆக்ஸ்பர்க் நகரப் படைத்தலைவர் செபாஸ்டியன் ஷெர்ட்லின் விரைந்து வந்து ஃபூசெனைப் பிடித்தார். மறுநாளே எரன்பெர்க் கணவாயும் அவர் கையில் விழுந்தது. 1552-இல் சாக்சனியின் மோரிட்ஸ் இதே வழியாகப் பாய்ந்து, இன்ஸ்புருக்கில் இருந்த பேரரசரையே மலைதாண்டி ஓட வைத்தார். பீரங்கி வந்த பிறகு குன்றுக் கோட்டை படையைத் தடுக்கும் கதவாக இல்லை. ஃபூசென் வரலாற்று நூல்களில் இடம்பிடித்தது போரால் அல்ல, ஓர் அமைதியால். பேரரசுப் பட்டத்துக்கு ஆசைப்பட்டு ஆஸ்திரியாவோடு மோதிய பவேரிய ஆட்சியாளர் ஏழாம் கார்ல் 1745 ஜனவரியில் இறந்துபோக, மகன் மாக்ஸ் யோசேஃப் அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று ஃபூசெனில் ஆஸ்திரியாவின் மரியா தெரசாவோடு உடன்படிக்கை செய்து பவேரியாவைப் போரிலிருந்து விலக்கிக்கொண்டார்.

சாலை கொண்டுவந்தது படைகளை மட்டுமல்ல. மலையிலிருந்து வந்த சரக்குகள் ஃபூசெனில் தெப்பங்களில் ஏறி லெஹ் ஆற்றின் வழியே ஆக்ஸ்பர்க் போயின. சுற்றியுள்ள மலைகளில் யூ, ஸ்ப்ரூஸ், மேப்பிள் மரங்கள் நிறைய. மரமும் சாலையும் சேர்ந்து ஊருக்கு ஒரு தொழிலைக் கொடுத்தன: லூட் என்னும் நரம்பிசைக் கருவி செய்வது. ஐரோப்பாவின் முதல் லூட் செய்வோர் சங்கம் 1562-இல் இங்கேதான் அமைந்தது. ஊருக்குள் தொழில் நடத்தும் ஆசான்களின் எண்ணிக்கையைச் சங்கம் இருபதோடு நிறுத்தியது. தொழில் கற்றும் இடம் கிடைக்காத இளைஞர்கள் மலை தாண்டினார்கள். வெனிஸ், பதுவா, ரோம், பின்னர் வியன்னா என்று ஐரோப்பிய நகரங்களில் லூட்டும் வயலினும் செய்த பட்டறைகளில் ஃபூசென் வட்டாரத்தார் நிறைந்தார்கள். லியோன் நகரில் புகழ்பெற்ற காஸ்பர் டீஃபென்புரூக்கரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவர்கள் விட்டுச்சென்ற கருவிகளில் ஒரு நல்ல தொகுப்பு மடத்துக் கட்டடத்தில் இயங்கும் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டை பார்க்க வரும் கூட்டத்தில் மிகச் சிலரே அந்தப் படியேறுகிறார்கள்.

மேற்கே உள்ள மூன்று இடிபாடுகளின் கதை சுருக்கமானது, கசப்பானது. ஃபால்கன்ஷ்டைன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் டிரோல் ஆட்சியாளர் இரண்டாம் மைன்ஹார்ட் எழுப்பியது; 1,268 மீட்டர் உயரத்தில் நிற்கும் அது ஜெர்மனியிலேயே மிக உயரமான கோட்டை இடிபாடு. ஐசன்பெர்கும் ஹோஹென்ஃபிரைபெர்கும் அடுத்தடுத்த மேடுகளில் இரட்டையராக நிற்பவை. ஹோஹென்ஃபிரைபெர்க் 1418-இல் தொடங்கப்பட்டது. மாவீரர் காலமே மங்கிக்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு குன்றுக் கோட்டை. 1646-இல், முப்பதாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், எதிரிப் படை நெருங்குகிறது என்று கேட்டு, மூன்றையும் டிரோல் தரப்பினரே தீவைத்து எரித்தார்கள். எதிரி அந்த வழியாக வரவில்லை.

கிழக்கே கதை வேறு மாதிரிப் போயிற்று. ஷ்வாங்காவ் என்ற பெயரில் அன்னம் இருக்கிறது. ஷ்வான் என்றால் அன்னம். வெல்ஃப் குலத்தாரின் பணியில் இருந்த ஷ்வாங்காவ் மாவீரர்கள் இங்கே நான்கு கோட்டைகள் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹில்ட்போல்ட் காதல் பாடல்கள் பாடிய கவிஞர். புகழ்பெற்ற மானெஸ்ஸெ ஏட்டில் அன்னச் சின்னத்தோடு அவருடைய படம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் குலம் அற்றுப்போனது. ஷ்வான்ஷ்டைன் என்ற கீழ்க்கோட்டையை ஆக்ஸ்பர்க் வணிகர் ஹான்ஸ் பௌம்கார்ட்னர் வாங்கி 1538 முதல் 1547 வரை புதுப்பித்தார். நெப்போலியன் போர்களில் அது சிதைந்தது. மேலே பாறையுச்சியில் இருந்த முன், பின் ஹோஹென்ஷ்வாங்காவ் என்ற இரண்டு கோட்டைகள் அதற்கு வெகுமுன்பே பாழாகிவிட்டன.

1829-இல் பவேரியப் பட்டத்து இளவரசர் மாக்ஸிமிலியன் நடைப்பயணமாக வந்து ஷ்வான்ஷ்டைன் இடிபாட்டைக் கண்டார். 1832-இல் விலைக்கு வாங்கினார். புதுப்பிக்க அவர் அழைத்தவர் டொமெனிகோ குவாலியோ. தொழிலால் அவர் நாடக மேடைக்குத் திரை தீட்டிய ஓவியர். இந்தத் தேர்வுதான் திருப்புமுனை. 1837-இல் குவாலியோ இறந்த பின் வேறு இருவர் வேலையை முடித்தார்கள். மஞ்சள் பூச்சும் பல்வரிசை மதிலும் கொண்ட அந்த வீடு ஹோஹென்ஷ்வாங்காவ் என்று பெயர் பெற்றது. கீழ்க்கோட்டையின் சொந்தப் பெயர் ஷ்வான்ஷ்டைன். மேலே இருந்த பழங்கோட்டையின் பெயரை அது எடுத்துக்கொண்டது. உள்ளே அறைக்கு அறை சுவரோவியங்கள்: அன்ன வீரன் லோஹென்கிரின் கதை, ஜெர்மானிய வீரர் கதைகள், ஷ்வாங்காவின் வரலாறு. அந்தச் சுவர்களைப் பார்த்தபடி கோடைகளைக் கழித்து வளர்ந்தவர் மாக்ஸிமிலியனின் மூத்த மகன் லூட்விக்.

1845-இல் பிறந்த லூட்விக் 1864-இல், 18 வயதில், பவேரியாவின் அரசர் இரண்டாம் லூட்விக் ஆனார். உடனே செய்த காரியங்களில் ஒன்று, லோஹென்கிரின் இசை நாடகத்தின் ஆசிரியர் ரிச்சர்ட் வாக்னரை மியூனிக்குக்கு வரவழைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1866 போரில், ஆஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவிடம் தோற்றார். பவேரியப் படை போர்க்காலத்தில் பிரஷ்ய ஆணைக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. அரசுரிமை கைநழுவத் தொடங்கிய அந்தக் கட்டத்துக்கும், அவர் கோட்டை கட்டத் தொடங்கியதற்கும் இடையே அதிக காலம் இல்லை. 1867-இல் ஜெர்மனியின் வார்ட்பர்க் கோட்டையையும், பிரான்சில் கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-டுக் புதுப்பித்துக்கொண்டிருந்த பியர்ஃபோன் கோட்டையையும் பார்த்துவந்தார். மறு ஆண்டு, தந்தையின் வீட்டுக்கு எதிரே பொல்லாட் அருவிப் பள்ளத்தின் விளிம்பில் இருந்த பழைய இடிபாடுகளை உண்மையான மாவீரர் கோட்டை பாணியில் மீண்டும் எழுப்பப் போவதாக வாக்னருக்கு எழுதினார்.

நடந்தது மீட்டெடுப்பு அல்ல. முன், பின் ஹோஹென்ஷ்வாங்காவின் எச்சங்கள் வெடிவைத்து அகற்றப்பட்டன. பாறையே சில மீட்டர் தாழ்த்தப்பட்டது. இடைக்காலக் கோட்டை ஒன்றைக் கனவு காண்பதற்காக அங்கே மெய்யாகவே இருந்த இடைக்காலக் கோட்டைகளைத் தகர்த்தார்கள். 1869 செப்டம்பர் 5 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மொத்தத் தோற்றத்தை வரைந்தவர் மீண்டும் ஒரு மேடை ஓவியர், கிறிஸ்டியன் யாங்க். அதைக் கட்டடமாக்கும் வேலை எடுவார்ட் ரீடெல், கேயோர்க் டோல்மான், யூலியுஸ் ஹோஃப்மான் என்று கைமாறியது. கட்டி முடியும் முன் அதற்கு வழங்கிய பெயர் ‘புதிய ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டை’. நொய்ஷ்வான்ஷ்டைன் என்பது அரசர் இறந்த பின் வந்த பெயர். ஆக, மேல்கோட்டையின் பெயர் கீழேயும், கீழ்க்கோட்டையின் பெயர் மேலேயுமாக இன்று இடம் மாறி நிற்கின்றன.

வெளியே பதின்மூன்றாம் நூற்றாண்டு, உள்ளே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டறை. கண்ணுக்குத் தெரியும் சுண்ணாம்புக் கல்லுக்குப் பின்னால் இருப்பது செங்கல். அரியணைக் கூடத்தைத் தாங்குவது இரும்புச் சட்டகம். பொருள்களை மேலேற்ற நீராவிப் பாரந்தூக்கி வேலை செய்தது. 1879–80 கணக்கில் மட்டும் 465 டன் சால்ஸ்பர்க் சலவைக்கல், 1,550 டன் மணற்கல், 4,00,000 செங்கற்கள் பயன்பட்டன. சூடான காற்றைக் குழாய்களில் செலுத்தி அறைகளை வெதுவெதுப்பாக்கும் அமைப்பு, மாடிதோறும் குழாய்த் தண்ணீர், தானே நீர் விடும் கழிப்பறை, வேலையாட்களை அழைக்க மின்மணி, தொலைபேசி, உணவை மேலேற்றும் பெட்டி எல்லாம் இருந்தன. அரசரின் படுக்கையறை மரவேலைக்கு மட்டும் 14 செதுக்குத் தச்சர்கள் நாலரை ஆண்டு உழைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

அந்த வேலையில் வாழ்ந்தது ஃபூசென் வட்டாரம். 1870-இல் கட்டுமானத் தொழிலாளருக்காக ஒரு சங்கம் அமைந்தது. மாதச் சந்தா சிறிது. அரசர் தம் பங்காகப் பெருந்தொகை போட்டார். நோயுற்றவருக்கும் அடிபட்டவருக்கும் ஊதியம் தொடர்ந்தது, இறந்தவர் குடும்பத்துக்கு உதவி கிடைத்தது. ஜெர்மனியில் தொழிலாளர் நோய்க் காப்பீடு சட்டமானது 1883-இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். மக்களை முகம்கொடுத்துப் பார்க்கக் கூசிய அரசர், தச்சர்களோடும் குடியானவர்களோடும் இயல்பாகப் பேசுவார் என்ற நினைவு இந்த ஊர்ப்பக்கம் நெடுநாள் நிலைத்ததற்கு இதுவும் காரணம்.

செலவு மதிப்பீடு 32 லட்சம் மார்க். ஆனது 62 லட்சத்தை நெருங்கியது. அரசுக் கருவூலத்திலிருந்து எடுத்தார் என்ற பேச்சு சரியல்ல. சொந்த வருமானமும் கடனும் போட்டார். 1870-இல் பிரஷ்ய அரசரைப் பேரரசராக முன்மொழிந்து கடிதம் எழுதியதற்குப் பிரஷ்யத் தலைமையமைச்சர் பிஸ்மார்க் கமுக்கமாகத் தந்துவந்த பணமும் சேர்ந்தது. அந்தப் பணம் ஹனோவரின் வெல்ஃப் அரச குலத்திடமிருந்து பறித்த நிதியிலிருந்து வந்தது. ஷ்வாங்காவ் மாவீரர்களின் பழைய எசமானர்களும் வெல்ஃப் குலத்தாரே. லிண்டர்ஹோஃப், ஹெர்ரென்கீம்சே ஆகிய அரண்மனைகளையும் ஒரே நேரத்தில் கட்டியதால் 1885-இல் கடன் 1 கோடியே 40 லட்சம் மார்க்கை எட்டியது. கடன் ஏறிக்கொண்டிருந்தபோதே ஃபால்கன்ஷ்டைன் இடிபாட்டை வாங்கி, அங்கே இன்னும் உயரத்தில் ஒரு கோட்டை எழுப்ப யாங்க்கிடம் படம் வரையச் சொன்னார். அது படத்தோடு நின்றது.

அமைச்சர்கள் மனநல மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபான் குடனிடம் அறிக்கை பெற்று, அரசர் ஆளத் தகுதியற்றவர் என்று அறிவித்தார்கள். 1886 ஜூன் 12 விடியற்காலையில் லூட்விக் நொய்ஷ்வான்ஷ்டைனிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் இரவு ஷ்டார்ன்பெர்க் ஏரியில் அவரும் மருத்துவரும் பிணமாகக் கிடந்தார்கள். கொலையா, தற்கொலையா, தப்ப முயன்றதா என்ற வழக்காடல் இன்னும் ஓயவில்லை. அந்தக் கோட்டையில் அவர் வாழ்ந்தது மொத்தம் 172 நாட்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரியணைக் கூடம் முடிந்தது. அரியணை வந்து சேரவில்லை. நடுவில் எழ வேண்டிய 90 மீட்டர் கோபுரத்தின் அடித்தடம் மட்டும் மேல்முற்றத் தரையில் கோடாகத் தெரிகிறது. 200-க்கும் மேற்பட்ட அறைகளில் பதினைந்து போலத்தான் முற்றுப்பெற்றன. வாக்னர் 1865-இல் தந்தை வீட்டுக்கு வந்து தங்கியவர். அவருக்காகவே எழுந்த இந்தக் கோட்டையை 1883-இல் சாகும்வரை பார்த்ததில்லை.

ஒருவரும் தன்னைப் பார்க்காமல் இருக்க அரசர் கட்டிய வீடு, அவர் இறந்து ஏழே வாரத்தில், 1886 ஆகஸ்ட் 1 அன்று, கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணத்தின் உதவியால் 1899-க்குள் கட்டுமானக் கடன் தீர்ந்தது. 1889-இல் ஃபூசெனுக்கு ரயில் வந்தது. சாலையின் வாயிலாக இருந்த ஊர் அதற்குப் பிறகு காட்சியின் வாயிலாக மாறியது. 1918-இல் மன்னராட்சி முடிந்ததும் நொய்ஷ்வான்ஷ்டைன் மாநில அரசின் சொத்தானது; ஹோஹென்ஷ்வாங்காவ் பழைய அரச குடும்பத்துக்கான அறநிலையத்திடம் போனது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் பிரான்சில் யூதக் குடும்பங்களிடமிருந்து கொள்ளையடித்த கலைப்பொருள்களை நொய்ஷ்வான்ஷ்டைனில் குவித்து, பட்டியலும் படத்தொகுப்பும் போட்டு வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் படை வந்தபோது அவை அப்படியே கிடைத்தன; யாருடைய பொருள் எது என்று கண்டறிந்து திருப்பிக் கொடுக்க அந்தப் பட்டியலே உதவியது.

போருக்குப் பின் வந்த மாற்றங்கள் எல்லாம் சுற்றுலாவை ஒட்டியவை. 1950-இல் வகுத்த ‘காதல் சாலை’ என்ற சுற்றுலாப் பாதை வூர்ட்ஸ்பர்கில் தொடங்கி ஃபூசெனில் முடிகிறது. 1955-இல் திறந்த டிஸ்னிலாந்தின் ‘உறங்கும் அழகி’ கோட்டைக்கு நொய்ஷ்வான்ஷ்டைன் முன்மாதிரிகளில் ஒன்று. மேடைத் திரையில் பிறந்த உருவம் மறுபடியும் பொம்மை மேடைக்கே போய்ச் சேர்ந்தது. லெஹ் ஆற்றைத் தடுத்து 1954-இல் முடிந்த ஃபோர்கென்சே நீர்த்தேக்கம், பழைய ஃபோர்கென் சிற்றூரையும் ரோமானியச் சாலையின் ஒரு பகுதியையும் மூழ்கடித்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நீரை வடிப்பதால் அந்தச் சாலையின் தடம் சில மாதம் வெளியே தெரிகிறது.

கோவிட் காலத்துக்கு முன்பு நொய்ஷ்வான்ஷ்டைனுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேர் வந்தார்கள். கோடையில் ஒரே நாளில் 6,000 பேர் வரை. உள்ளே சுற்றிக்காட்டுவது அரை மணிக்கும் சற்றே கூடுதல் நேரம்தான். இத்தனை பேரின் மூச்சும் ஈரமும் தூசியும் ஒருவருக்காக மட்டும் அமைந்த அறைகளின் சுவரோவியங்களையும் துணிகளையும் அரிப்பதால் அண்மை ஆண்டுகளில் பெரும் பழுதுபார்ப்பு நடந்தது. ஊருக்கு வருமானம் உண்டு, நெரிசலும் உண்டு. காலையில் பேருந்தில் வந்து கோட்டையைப் படமெடுத்துவிட்டு மாலையில் மியூனிக் திரும்புகிறவர் ஃபூசென் தெருக்களில் கால் வைப்பதே இல்லை என்பது உள்ளூர் வணிகர்களின் பழைய குறை.

நொய்ஷ்வான்ஷ்டைனை உலக மரபுச் சின்னம் ஆக்குவதற்கு விண்ணப்பிக்கலாமா என்று 2023-இல் ஷ்வாங்காவ் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. கட்டுப்பாடுகள் பெருகும், கூட்டம் இன்னும் கூடும் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள், பெரும்பான்மையோர் சம்மதித்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நொய்ஷ்வான்ஷ்டைன், லிண்டர்ஹோஃப், ஷாக்கென் மலைவீடு, ஹெர்ரென்கீம்சே ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாகப் பட்டியலில் சேர்த்தது. நான்கும் அரசர் இரண்டாம் லூட்விக் கட்டியவை. தந்தையின் மஞ்சள் கோட்டை அதில் இல்லை. ஃபூசென் ஊருக்குள்ளேயே நிற்கும் ஹோஹெஸ் ஷ்லோஸும் இல்லை. அதன் மாடிகளில் இப்போது பவேரிய அரசின் பழைய ஓவியத் தொகுப்பில் ஒரு பகுதி தொங்குகிறது, முற்றத்தில் ஆயர் தீட்டவைத்த சாளரங்கள் இன்னும் சுவரோடு சுவராக இருக்கின்றன.